மூன்று கிலோமீட்டர் ஆழத்து அச்சத்தை எப்படிக் காட்டுவது?

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குள் இனி யாரும் இறங்க முடியாது. மெய்நிகர் தொழில்நுட்பம் நம்மை அங்கே அழைத்துப் போகலாம். ஆனால் அந்த இருட்டில் உழைத்தவர்களின் மனத்தை எந்த உருவத்தில் வரைவது?

கர்நாடகத்துக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பல பத்தாண்டுகள் பேர் வாங்கியது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் வைத்ததிலிருந்து தங்கவயலின் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து தோண்டித் தந்த தங்கம் சுமார் 800 டன். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது. பம்புகள் நின்றபின் ஊற்றுநீர் கீழிருந்து ஏறி, தளம் தளமாக மூழ்கடித்துவிட்டது.

மேலே மிச்சம் இருப்பவை ஷாஃப்ட் எனும் செங்குத்துச் சுரங்கக் குழிகளின் இரும்புக் கோபுரங்கள், தொழிலாளர்களின் லைன் வீடுகள், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேடுகள், விடியும் முன்பே மாரிகுப்பத்திலிருந்து புறப்பட்டு பெங்களூருக்கு வேலைக்கு ஆளேற்றிச் செல்லும் ரயில்கள். கீழே இருந்த உலகம் இப்போது இரண்டே இடங்களில் இருக்கிறது. ஒன்று நிறுவனத்தின் வரைபடங்கள். இன்னொன்று அங்கே உழைத்தவர்களின் நினைவு. சுரங்கம் மூடியபோது 25 வயதில் இருந்த தொழிலாளிக்கு இன்று வயது ஐம்பது. அப்போது ஓய்வை நெருங்கியிருந்தவர்களில் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

அதனால்தான் இந்தப் பேச்சுக்கு அவசரம் இருக்கிறது. வரைபடத்தை வைத்து சுரங்கத்தின் உருவத்தைக் கணினியில் கட்டிவிடலாம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாதைகளில் நடக்கலாம். பாறை, தண்டவாளம், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் எல்லாவற்றையும் அச்சு அசலாக வார்க்க இன்றைய தொழில்நுட்பத்தால் முடியும். கடினம், அங்கே இறங்கியவரின் பயத்தையும் மேலே காத்திருந்தவளின் தவிப்பையும் காட்டுவது. அதைச் செய்யாமல் சுரங்கத்தை மட்டும் காட்டினால், ஆளில்லாத வீட்டுக்கு விருந்தினரை அழைத்துப் போன கதையாகிவிடும்.

எண்களாகிப் போன முகம்

மெய்நிகர் உலகில் உணர்ச்சியைக் காட்டும் வேலை இன்று பெரும்பாலும் முகத்தோடு நின்றுவிடுகிறது. 1978-இல் பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் முகத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் கொடுத்து ஒரு முறையை வெளியிட்டார்கள். உதட்டோரம் மேலே இழுபட்டால் 12. கண்ணைச் சுற்றிய தசை சுருங்கிக் கன்னம் உயர்ந்தால் 6. இரண்டும் சேர்ந்து வந்தால் மனம் நிறைந்த சிரிப்பு. 12 மட்டும் வந்தால் மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு.

அனிமேஷன் கலைஞர்களுக்கு இது பெரிய வரமாக அமைந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் முகப்பதிவு நிரல் 52 அசைவுகளாக முகத்தைப் பிரித்துப் பதிகிறது. 2022 அக்டோபரில் வந்த மெட்டா குவெஸ்ட் புரோ ஹெட்செட்டின் உள்பக்கத்திலேயே கேமராக்கள் இருந்தன. அணிந்தவர் சிரித்தால் அவருடைய அவதார் உருவமும் சிரிக்கும். புருவத்தைச் சுருக்கினால் அதுவும் சுருக்கும். 2024-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ, அணிந்தவரின் முகத்தையே முப்பரிமாணத்தில் வார்த்து எதிரில் இருப்பவருக்குக் காட்டியது.

இதன் எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள நம் வீடுகளைப் பார்த்தாலே போதும். நம் பாட்டிமார் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள். கை உதட்டை மறைத்த கணமே கேமராவுக்கு 12 தெரியாமல் போகிறது. அழுகை முட்டும்போது முந்தானையை வாயில் திணித்துக்கொள்ளும் பெண்ணின் முகத்தில் எந்த எண்ணைப் படிப்பது? ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை சாய்த்து அழுகிறார்கள். புதிதாக வந்தவள் ஓடிவந்து அந்த வட்டத்துக்குள் தன்னைச் சொருகிக்கொள்கிறாள். அந்தத் துக்கம் எந்த ஒரு முகத்திலும் இல்லை. வட்டத்தில் இருக்கிறது, கைகளின் பிடியில் இருக்கிறது, ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுக்கிற குரலில் இருக்கிறது. தனித்தனியாக மிதக்கும் அவதார் உருவங்களுக்குக் கண்ணீர்த்துளி வரைந்தால் அது ஒப்பாரி ஆகாது.

அறிவியலும் இதையே சொல்கிறது. 2019-இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் தலைமையில் உளவியலாளர்கள் குழு ஒன்று முகத்தையும் உணர்ச்சியையும் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தது. கோபப்படுகிற எல்லோரும் முகத்தைச் சுளிப்பதில்லை, முகத்தைச் சுளிக்கிற எல்லோரும் கோபத்தில் இல்லை என்பது அவர்கள் முடிவின் சாரம். சூழல் தெரியாமல் முகத்தை மட்டும் படித்து மனத்தைச் சொல்ல முடியாது.

தடயத்தால் கண்டவர்கள்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிக் காண்பது என்ற கேள்விக்கு இதே சாம்பியன் ரீப்ஸ் ஒருமுறை விடை தந்திருக்கிறது. 1965-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்த ஒரு குழு, இந்தச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை நிறுவியது. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், மியாகே, வுல்ஃபென்டேல் ஆகிய இயற்பியலாளர்கள் அதில் முன்னின்றார்கள். வளிமண்டலத்தில் பிறந்து பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோக்களைத் தேடினார்கள். நியூட்ரினோவை நேரே பார்க்க வழியில்லை. அது பாறையில் மோதும்போது பிறக்கும் இன்னொரு துகள் கருவியின் நியான் குழாய்களில் ஒளிக்கீற்றை விட்டுச் செல்லும். அந்தக் கீற்றின் திசையை வைத்து, வந்துபோனது நியூட்ரினோதான் என்று உறுதி செய்தார்கள். வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த பெருமை, தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றோடு சேர்த்து, இந்த ஊருக்கு உண்டு.

துகளுக்குப் பொருந்திய முறை மனத்துக்கும் பொருந்தும் என்பதை நம் இலக்கண மரபு மிகப் பழைய காலத்திலேயே கண்டிருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், நகை முதல் உவகை வரை, உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை, அதாவது காரணங்களை, நான்கு நான்காகச் சொல்கிறது. உரையாசிரியர் பேராசிரியர் இதை இன்னும் விரிக்கிறார். முதலில் வெளியே ஒரு பொருள் இருக்கிறது. அதை ஐம்பொறி உணர்கிறது. அந்த உணர்வு மனத்தில் பட்டுக் குறிப்பாகிறது. கடைசியில்தான் உடம்பில் கண்ணீராக, மயிர்க்கூச்சாக, வியர்வையாக வெளிப்படுகிறது.

இன்றைய மெய்நிகர் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் இந்த நான்கில் கடைசிப் படியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணீரை வரைகிறார்கள். முதல் மூன்று படிகளையும் சரியாகக் கட்டினால் நான்காவது படி பார்ப்பவரின் உடம்பிலேயே நிகழும். அதை வரைய வேண்டிய தேவையே இராது.

தங்கவயலின் நான்கு அழுகைகள்

தொல்காப்பியர் அழுகைக்குக் காட்டும் காரணங்களைச் சாம்பியன் ரீப்ஸில் வைத்துப் பார்த்தால், இந்த ஊரின் வரலாறே நான்கு பகுதிகளாகப் பிரிந்து நிற்கிறது.

முதலாவது இழவு, அதாவது உயிரையோ உடைமையையோ பறிகொடுப்பது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவது இந்தச் சுரங்கங்களின் தீராத சாபம். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் இதை ஏர் பிளாஸ்ட் என்றார்கள். மைசூர் சமஸ்தானத்தின் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் 1904-லேயே இதைப் பற்றித் தனி அறிக்கை எழுதினார். பெரிய வெடிப்புகளில் மேலே இருக்கும் வீடுகளும் ஆடும். இந்த வெடிப்புகளை ஆராய்ந்த அனுபவத்தின் மீதுதான் 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது.

இரண்டாவது இளிவு, பிறர் இகழ்வதால் வருவது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி வந்த மக்கள் இவர்கள், பெரும்பாலோர் தலித்துகள். உழைப்பவரை எல்லாம் தங்கத் திருடராகவே சந்தேகிக்கும் ஒரு நிர்வாகத்தின் கீழே வாழ்ந்தார்கள்.

மூன்றாவது வறுமை. அதற்கு விளக்கம் வேண்டாம். அதன் இன்னொரு முகத்தை மட்டும் சொல்ல வேண்டும். இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோயைப் பெரிய அளவில் முதலில் ஆராய்ந்தது இங்கேதான். 1940-களில் சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேலானவர்களின் நுரையீரலில் பாறைத்தூள் தங்கியிருந்தது. கூலியாக வந்த காசு மருந்துக்கும் மூச்சுக்குமாகத் திரும்பிப் போனது.

நான்காவது அசைவு. முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வேறாகிப் போய் வருந்துவது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது இந்த ஊருக்குத்தான். பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். அப்படிப்பட்ட ஊரின் பிள்ளைகள் இன்று தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு வீடு திரும்புகிறார்கள். 2001-க்குப் பிறகு தங்கவயல் சுமக்கும் துயரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

இந்த நான்கையும் ஒரே கண்ணீர்த்துளியாக வரைந்துவிட முடியுமா? இழவின் அழுகை சத்தமானது, கூட்டத்தோடு வருவது. இளிவின் அழுகை பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போவது. அசைவின் அழுகைக்குக் கண்ணீரே இல்லை. துருப்பிடித்த கோபுரத்தைப் பார்த்தும் பார்க்காமலும் கடந்துபோகிற நடையில் அது இருக்கிறது. காரணம் வேறானால் காட்சியும் வேறாக வேண்டும்.

உலகம் கற்றுத் தந்த மூன்று பாடங்கள்

இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள் இருக்கிறார்கள். 1995-இல் கனடாவைச் சேர்ந்த சார் டேவிஸ் ‘ஆஸ்மோஸ்’ என்ற மெய்நிகர் படைப்பைச் செய்தார். பார்வையாளரின் மார்பைச் சுற்றி ஒரு பட்டை. மூச்சை இழுத்தால் அந்த உலகில் மேலே மிதப்பார். விட்டால் கீழே இறங்குவார். அதில் அழும் முகமோ சிரிக்கும் முகமோ கிடையாது. ஆனாலும் வெளியே வந்தவர்கள் ஆழ்ந்த அமைதியையும் நெகிழ்ச்சியையும் உணர்ந்ததாகச் சொன்னார்கள். மூச்சே மனத்தின் உருவமாக நின்றது. சிலிக்கோசிஸ் தின்ற ஊருக்கு இதைவிட நெருக்கமான கருவி எது? பார்வையாளரின் மூச்சோடு காட்சியைப் பிணைத்து, ஆழம் கூடக் கூட மூச்சின் வீச்சைச் சுருக்கிக் காட்டினால், பாறைத்தூள் என்ன செய்தது என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் உணர்த்தலாம்.

இரண்டாவது, 2016-இல் வந்த ‘நோட்ஸ் ஆன் பிளைண்ட்னஸ்: இன்டு டார்க்னஸ்’. பார்வையை முற்றிலும் இழந்த ஜான் ஹல் என்ற இறையியல் பேராசிரியர் 1980-களில் ஒலிநாடாவில் பேசிப் பதிந்த நாட்குறிப்பிலிருந்து செய்தது. எங்கும் இருட்டு. எங்கே ஓசை எழுகிறதோ அங்கே மட்டும் ஒளிப்புள்ளிகள் கூடி உருவம் தெரியும். ஓசை நின்றால் உருவமும் கரையும். சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. தலைக்குமேல் இருக்கும் பாறையைத் தட்டிப் பார்த்து, அது தரும் ஓசையை வைத்து உறுதியைக் கணிப்பது சுரங்கத் தொழிலின் அரிச்சுவடி. காதால் பார்த்தவர்களின் அச்சத்தை ஓசையால்தான் வரைய வேண்டும்.

மூன்றாவது பாடம் நம் நாட்டுக் கதைகளிலிருந்தே. 2016-இல் ஆனந்த் காந்தியின் மீமீசிஸ் கல்ச்சர் லேப் தொடங்கிய எல்ஸ் விஆர் தளத்துக்காக, ஃபைசா கான் சத்தீஸ்கரின் கோர்பா நிலக்கரிப் பகுதியை 360 டிகிரிப் படமாக எடுத்தார். சுரங்கத்துக்கு நிலம் இழந்தவர்களின் கதை. 2022-இல் சண்டான்ஸ் திரைவிழாவில் வந்த ‘சைல்ட் ஆஃப் எம்பயர்’, பிரிவினையின்போது எல்லை கடந்த இரண்டு பேரின் சொந்த நினைவுகளைக் கொண்டு கட்டப்பட்டது. அதைச் செய்த ப்ராஜெக்ட் தாஸ்தான் குழு, இனித் திரும்பிப் போக முடியாத முதியவர்களுக்கு அவர்களுடைய பிறந்த ஊரை ஹெட்செட்டில் காட்டும் வேலையையும் செய்தது. யாருடைய நினைவோ அவரிடமிருந்தே கதையைத் தொடங்கியது இவர்களின் பலம்.

ஒரு காட்சியைக் கட்டிப் பார்ப்போம்

சாம்பியன் ரீப்ஸுக்கு இதையெல்லாம் எப்படிப் பொருத்துவது? ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாறைவெடிப்பு. வழக்கமான சினிமா மூளை உடனே சுரங்கத்துக்குள் ஓடும்: பாறை பறக்கும், ஆட்கள் அலறுவார்கள், ரத்தம் தெறிக்கும். 2018-இல் வந்த ‘கே.ஜி.எஃப்’ படத்தின் வழியாகவும் 2024-இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வழியாகவும் உலகம் இந்த ஊரின் பெயரைக் கேட்டது. திரையில் பிரம்மாண்டத்துக்கு இடம் உண்டு. ஹெட்செட்டுக்குள் பிரம்மாண்டம் உதவாது. அங்கே பார்வையாளர் தனியாக, மிக அருகில் நிற்கிறார்.

ஆகவே அவரைச் சமையலறையில் நிறுத்துவோம். லைன் வீட்டின் பின்கட்டு. ராத்திரி. அலமாரியில் கவிழ்த்து அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்கள். மூலையில் தண்ணீர்க் குடம். எந்த அறிவிப்பும் இல்லாமல் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கின்றன. குடத்து நீரில் வளையங்கள் எழுகின்றன. ஒரு டம்ளர் உருண்டு விழுகிறது. அவ்வளவுதான், எல்லாம் அடங்குகிறது. அடுத்த சில நொடிகளில் லைன் முழுக்கக் கதவுகள் திறக்கும் ஓசை கேட்கிறது. பேச்சு இல்லை. எந்த வீட்டு ஆண் எந்த ஷிப்டில் இறங்கியிருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஷாஃப்ட்டின் அருகே காத்திருப்பு. சினிமா இதை வெட்டிவிடும். மெய்நிகர் படைப்பு வெட்டக் கூடாது. பார்வையாளர் காத்திருக்க வேண்டும். இருபுறமும் நிற்கும் பெண்களின் முகத்தைக் காட்ட வேண்டாம். தோளும் கையும் போதும். நேரம் போகப் போக அவர்கள் ஒருவரை ஒருவர் நெருங்குகிறார்கள், இடைவெளி குறைகிறது, பார்வையாளரும் அந்த நெருக்கத்துக்குள் வந்துவிடுகிறார். கேஜ் மேலே வருகிறது. வருகிறவர்களின் தலைவிளக்கு எதிரில் நிற்பவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. வந்தது யார் என்று முகம் தெரிவதில்லை. விளக்குகளை எண்ண மட்டும்தான் முடிகிறது. அந்தச் சில நொடிகளில் அச்சம் பார்வையாளரின் நெஞ்சுக்குள் ஏறிவிடும்.

இப்போது எதை வரைந்தோம்? ஒரு பாத்திரத்தின் அதிர்வை, ஓர் இடைவெளியின் சுருக்கத்தை, கண்கூசும் வெளிச்சத்தை. எந்த முகத்திலும் உணர்ச்சியை ஒட்டவில்லை. இது நான் கட்டிய மாதிரி மட்டுமே. உண்மையான படைப்பில் இதன் ஒவ்வொரு நுணுக்கமும் ஊராரிடமிருந்து வர வேண்டும். அங்கே டம்ளர் விழுந்ததா, நாய் குரைத்ததா, அலாரம் ஒலித்ததா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அச்சத்தோடும் அழுகையோடும் நின்றுவிட்டால் அது பாதிக் கதை. பெருமிதத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணங்களில் ஒன்று தறுகண், அஞ்சாமை. 60 டிகிரி செல்சியசுக்கும் மேல் கொதிக்கும் பாறைக்கு நடுவே, மேலிருந்து குளிரூட்டி அனுப்பிய காற்றை நம்பி வேலை பார்த்தவர்கள் இவர்கள். ஒரே இறக்கத்தில் அடியைத் தொட முடியாது. ஒரு ஷாஃப்ட்டில் இறங்கி, உள்ளே நடந்து, இன்னொன்றில் இறங்க வேண்டும். அந்தத் திறமையின் மீது அவர்களுக்கு இருந்த கர்வத்தை விட்டுவிட்டு வெறும் பரிதாபத்தை மட்டும் காட்டினால், அது அவர்களை இரண்டாம் முறை சிறுமைப்படுத்துவதாகும். கல்வியும் பெருமிதத்துக்குக் காரணம் என்கிறது மெய்ப்பாட்டியல். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய ஊர் இது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் பின்னாளில் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. ஆழத்தில் கல் உடைத்தவர்கள் மேலே வந்து பத்திரிகை படித்தார்கள், விவாதித்தார்கள், சங்கம் வைத்தார்கள். அந்த உற்சாகத்துக்கும் ஹெட்செட்டுக்குள் இடம் வேண்டும்.

பார்த்தவன் பட்டவன் ஆவானா?

2015-இல் கிறிஸ் மில்க் என்ற அமெரிக்க இயக்குநர், பிறர் துன்பத்தை நம் துன்பமாக உணரச் செய்யும் உச்சபட்சக் கருவி என்று மெய்நிகர் தொழில்நுட்பத்தைப் புகழ்ந்தார். ஜோர்டான் அகதி முகாமில் ஒரு சிறுமியைப் பற்றி எடுத்த ‘க்ளவுட்ஸ் ஓவர் சித்ரா’ அவருடைய சான்று. இரண்டே ஆண்டுகளில் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் பால் புளூம் இதைக் கடுமையாக மறுத்தார். அகதி வாழ்க்கையின் வேதனை முகாமின் காட்சியில் இல்லை. அதிலிருந்து வெளியேற முடியாமையில் இருக்கிறது. ஹெட்செட் போட்டவருக்கோ எந்த நிமிடமும் கழற்றிவிடும் வசதி உண்டு என்பது அவர் வாதம்.

புளூம் சொன்னது சரி. அதே நேரத்தில், 2018-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வீடிழப்பைப் பற்றிய மெய்நிகர் அனுபவம் ஒன்றைச் சோதித்தபோது, அதே கதையை வெறுமனே படித்தவர்களைவிட ஹெட்செட்டில் அனுபவித்தவர்களின் மனமாற்றம் கூடுதல் காலம் நீடித்தது. வீடற்றோருக்கு வீடு கோரும் மனுவிலும் அவர்களில் அதிகம் பேர் கையெழுத்திட்டார்கள். ஆக, இந்தக் கருவி பட்டவனின் வேதனையைப் பார்த்தவனுக்கு முழுதாகக் கைமாற்றித் தராது. ஆனால் அவன் பக்கம் நிற்கச் செய்யும். சாம்பியன் ரீப்ஸுக்கு வேண்டியதும் அதுதான். பார்வையாளர் “நானும் சுரங்கத் தொழிலாளியாக வாழ்ந்து பார்த்துவிட்டேன்” என்று நினைத்து வெளியே வந்தால் அந்தப் படைப்பு தோற்றுவிட்டது. “இவர்களுக்கு வர வேண்டிய நியாயம் ஏன் இன்னும் வரவில்லை?” என்று கேட்டுக்கொண்டு வந்தால் வென்றுவிட்டது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1990-களின் இறுதியில் வியட்நாம் போர் வீரர்களின் மன அதிர்ச்சிக்குச் சிகிச்சையாகவே மெய்நிகர் போர்க்களம் பயன்பட்டது. அதுவும் மருத்துவர் அருகிருந்து, மெல்ல மெல்ல. அந்த அளவுக்கு இந்தக் கருவி பழைய அச்சத்தைக் கிளறும். வெடிப்பில் தோழனைப் பறிகொடுத்த ஒரு பெரியவரிடம் ஹெட்செட்டை நீட்டி “எப்படியிருக்கிறது என்று பாருங்கள் ஐயா” என்று சொல்லிவிட முடியாது.

1930-இன் கைரேகை

1930 ஏப்ரலில் தங்கவயல் நிறுவனங்கள் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதியும் புதிய முறையைக் கொண்டுவந்தன. குற்றவாளியிடம் எடுப்பதுபோல் எங்களிடம் எடுப்பதா என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். உடம்பின் அடையாளத்தை முதலாளியின் பேரேட்டில் ஏற்றுவதை எதிர்த்து, கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போராடிய மக்கள் இவர்கள்.

ஹெட்செட் எடுப்பது கைரேகையைவிட ஆழமானது. விழி எங்கே தங்குகிறது, முகத்தசை எப்போது துடிக்கிறது, தலை எப்போது திரும்புகிறது என்பதை எல்லாம் அது பதிகிறது. உணர்ச்சியைக் காட்டும் கருவியே உணர்ச்சியைத் திருடும் கருவியாகவும் ஆகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் மனிதரின் உணர்ச்சியைக் கணினியால் கணிப்பதைத் தடை செய்தது. 2025 பிப்ரவரியில் அந்தத் தடை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. ஆனால் முகத்தசை, விழியசைவு போன்றவற்றுக்கென்று தனிப் பாதுகாப்பு வகை எதுவும் அதில் இல்லை. தங்கவயலில் இப்படி ஒரு படைப்பு எழுமானால், பேசுகிறவரின் குரலும் முகமும் பார்க்கிறவரின் விழியசைவும் எந்த நிறுவனத்தின் கிடங்குக்கும் போகாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். 1930-இல் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்க முழு உரிமை பெற்றவர்கள்.

இப்போது செய்ய வேண்டியது

தொழில்நுட்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வேலைக்கு ஹெட்செட்டே தேவையில்லை. நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும். சுரங்கத்தில் இறங்கியவர்களையும், மேலே காத்திருந்த பெண்களையும், தங்கவயல் தமிழில், தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து அவர்கள் பேசுகிற அதே பேச்சில் பேசவிட்டுப் பதிய வேண்டும். “பயந்தீர்களா?” என்று கேட்டால் “ஆமாம்” என்று ஒரு சொல் வரும். “அன்றைக்கு முதலில் என்ன சத்தம் கேட்டது? கையில் என்ன வைத்திருந்தீர்கள்? யார் பக்கத்தில் நின்றார்கள்?” என்று கேட்டால் காட்சி வரும். உரையாசிரியர் பேராசிரியர் சொன்ன முதல் இரண்டு படிகள் இவைதான்.

பாரத் கோல்ட் மைன்ஸின் வரைபடங்கள், பாறை இயக்கவியல் நிறுவனத்தின் அதிர்வுப் பதிவுகள், டாடா ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ள பரிசோதனை ஆவணங்கள் ஆகியவற்றை ஒன்று சேர்த்தால் ஆழத்தின் உருவம் கிடைக்கும். தன்பாத் ஐஐடியில் சுரங்கப் பயிற்சிக்கென்றே மெய்நிகர்க் கூடம் இருக்கிறது. கைத்திறன் நாட்டுக்குள்ளேயே உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பகம் ஒலிப்பதிவுகளைப் பேணலாம். கர்நாடக அரசும் தமிழ்நாட்டு அரசும் இதில் கைகோத்தால், எல்லைக்கோட்டால் இரு பக்கமும் மறக்கப்பட்ட ஒரு மக்களுக்குச் செய்யும் குறைந்தபட்சக் கடமையாக அது இருக்கும்.

எல்லாம் முடிந்தபின் அந்தப் படைப்பைப் பெங்களூர்க் கண்காட்சியிலோ வெளிநாட்டுத் திரைவிழாவிலோ முதலில் திறக்கக் கூடாது. சாம்பியன் ரீப்ஸில், லைன் வீடுகளுக்கு நடுவே, அந்த ஊர் மக்கள் முதலில் பார்க்க வேண்டும். பார்க்க விருப்பமில்லாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாயால் எடுத்துச் சொல்ல வேண்டும். “இது எங்க பயமில்லை, இது எங்க சிரிப்பில்லை” என்று அவர்கள் சொல்லும் காட்சியை உடனே நீக்கிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து மறுபடி கட்டும் பணிவு எந்தக் குழுவுக்கு இருக்கிறதோ, அந்தக் குழுவை நம்பித்தான் இந்தச் சுரங்கத்தை ஒப்படைக்கலாம்.